பெட்டிக்குள் ஒரு பிரபஞ்சம்: வானம் ஒப்புக்கொள்கிறதா?

2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதல் தரவுகள் கைக்கு வந்ததும் வானியலாளர்கள் தூக்கத்தை மறந்தார்கள். சில நாட்களுக்குள்ளேயே ஆய்வுரைகள் வரிசை கட்டின. ‘இதுவரை கண்டதிலேயே மிகத் தொலைவான விண்மீன் திரள்’ என்ற பட்டம் அடிக்கடி கை மாறியது. அந்த அமளியில் எடின்பரோவைச் சேர்ந்த குழு ஒன்று மங்கலான ஒரு புள்ளியைப் பிடித்தது. சீர்ஸ்-93316 என்பது அதன் பட்டியல் எண். செம்பெயர்ச்சி 16.4 என்று கணக்கிட்டார்கள்.

பிரபஞ்சம் விரிய விரிய, அதனூடே வரும் ஒளியின் அலைநீளமும் நீண்டுகொண்டே போகும். அந்த நீட்சியின் அளவுதான் செம்பெயர்ச்சி. எவ்வளவு நீண்டிருக்கிறதோ அவ்வளவு பழைய ஒளி. 16.4 என்றால் பெருவெடிப்பு நடந்து ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளே ஆன காலம். பிரபஞ்சத்தின் இன்றைய வயது 1,380 கோடி ஆண்டுகள். பிரபஞ்சம் தவழ்ந்துகொண்டிருந்த அந்தப் பருவத்தில் இவ்வளவு ஒளி வீசும் திரள் ஒன்று இருக்க வழியில்லை என்றன, சூப்பர் கம்ப்யூட்டர்களில் ஓட்டிப் பார்த்த பிரபஞ்ச மாதிரிகள். உடனே ‘பெருவெடிப்பே பொய்யா?’ என்று தலைப்புகள் பறந்தன. யூடியூபில் அந்தத் தலைப்புகள் இன்றும் கிடக்கின்றன.

2023 மார்ச்சில் வெப்பின் நிறமாலைக் கருவி அதே புள்ளியை நோக்கித் திரும்பியது. விடை 16.4 அல்ல, 4.9. பெருவெடிப்புக்குச் சுமார் 120 கோடி ஆண்டுகள் கழித்து இருந்த, தூசு மண்டிய சாதாரணத் திரள். முதல் கணக்கு எப்படித் தவறியது? புள்ளியின் ஒளியைச் சில வண்ண ஃபில்டர்கள் வழியாக மட்டும் அளந்திருந்தார்கள். அந்தத் திரளிலிருந்த ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் குறிப்பிட்ட சில நிறங்களில் மட்டும் பளீரென்று ஒளிர்ந்தன. அந்த நிறங்கள் சொல்லிவைத்தாற்போல ஃபில்டர்களின் மேல் போய் விழுந்தன. விளைவு, பக்கத்து ஊர்க்காரர் தொலைதேசத்தவர்போலத் தெரிந்தார். அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள மற்ற திரள்கள் எல்லாம் 5-ஐ ஒட்டிய செம்பெயர்ச்சியில்தான் இருக்கின்றன, கவனம் தேவை என்று 2022-லேயே ஒரு குழு எச்சரித்திருந்தது. அதைத் தலைப்பில் போட யாரும் மெனக்கெடவில்லை. மெய்ஸி என்று செல்லப்பெயர் பெற்ற இன்னொரு திரளோ இதே ஆய்வில் 11.4 என்று உறுதியானது. அது உண்மையாகவே தொலைதேசத்துப் பிள்ளைதான்.

கணினி மாதிரியை வானத்தோடு ஒப்பிடும் வேலையின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு புள்ளியில் அடங்கியிருக்கிறது. கணினிக்குள் இருப்பது மனிதர்கள் எழுதிய சூத்திரம், அதில் ஊகம் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ‘வானத்தில் பார்த்தது’ என்று நாம் பக்தியோடு சொல்லும் எண்ணுக்குள்ளும் ஒரு மாதிரி ஒளிந்திருக்கிறது என்பதுதான் அதிகம் பேசப்படுவதில்லை.

74 பல்புகளும் 32,768 துகள்களும்

திரள்களைச் செயற்கையாக மோதவிட்டுப் பார்க்கும் ஆசை கணினிக்கு முந்தியது. 1941-இல் ஸ்வீடனின் லுண்டு நகரில் எரிக் ஹோல்ம்பெரி என்ற வானியலாளர் திரளுக்கு 37 வீதம் 74 மின்பல்புகளை ஒரு தளத்தில் பரப்பினார். ஈர்ப்பு விசை தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். ஒளியும் அதே கணக்கில்தான் குறையும். ஆகவே ஒவ்வொரு பல்பின் இடத்திலும் விழும் ஒளியை ஒளிமின்கலத்தால் அளந்தால், அந்த இடத்தில் ஈர்ப்பு எவ்வளவு, எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். அளந்தார், பல்புகளைக் கொஞ்சம் நகர்த்தினார், மறுபடி அளந்தார். நெருங்கிக் கடக்கும் இரண்டு திரள்கள் ஒன்றையொன்று இழுத்து உருக்குலைக்கும், பிடித்தும் வைத்துக்கொள்ளும் என்று அந்தப் பல்புகள் காட்டின. இந்தத் துறையின் வரலாற்றில் இதைவிட அழகான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

1972-இல் அலார் தூம்ரே, யூரி தூம்ரே என்ற சகோதரர்கள் கணினியில் அதே வேலையைச் செய்தார்கள். மோதும் திரள்களுக்கு நடுவே பாலங்களும் வால்களும் முளைத்தன. ஹால்டன் ஆர்ப் 1966-இல் வெளியிட்ட விசித்திரத் திரள்களின் படத்தொகுப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தால், ‘ஆன்டெனா’, ‘எலிகள்’ என்று பெயர் பெற்ற இணைகள் அப்படியே கணினிப் படத்தில் இருந்தன. கண்ணால் பார்த்து ‘அட, அதேதான்’ என்று சொல்லும் ஒப்பீடு அது. அந்தக் காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, இன்னொரு வகை மாதிரி டெக்சாஸில் பிறந்திருந்தது. நியூசிலாந்தில் வளர்ந்த பியட்ரிஸ் டின்ஸ்லி 1967-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில், திரள்கள் மாறாமல் நிற்பவை அல்ல என்று கணக்குப் போட்டுக் காட்டினார். விண்மீன்கள் பிறக்கும், முதுமையடையும், சாகும். ஆகவே திரளின் நிறமும் ஒளியும் காலத்தோடு மாறும். திரள்களை மாறாத விளக்குகளாக வைத்துப் பிரபஞ்சத்தின் தூரங்களை அளந்துகொண்டிருந்த பெரியவர்களுக்கு இது கசந்தது. டின்ஸ்லி 1981-இல் 40 வயதில் புற்றுநோயால் இறந்தார். இன்று எந்தத் திரளின் ஒளியைப் பார்த்து அதன் வயதையும் நிறையையும் சொன்னாலும், அடியில் இருப்பது அவர் தொடங்கிவைத்த கணக்கு.

வானம் ஒரு கோட்பாட்டை நேருக்கு நேர் வீழ்த்தியது 1980-களில். பிரபஞ்சத்தின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் என்பது அதற்குள் ஏறத்தாழ ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. அது என்ன? நியூட்ரினோவாக இருக்கலாம் என்றது ஒரு கட்சி. சைமன் வைட், கார்லோஸ் ஃப்ரெங்க், மார்க் டேவிஸ் மூவரும் நியூட்ரினோப் பிரபஞ்சத்தைக் கணினியில் ஓட்டி, ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் மையம் தயாரித்திருந்த திரள்களின் வரைபடத்தோடு 1983-இல் ஒப்பிட்டார்கள். கணினியில் பொருள் எல்லாம் பிரம்மாண்டமான கட்டிகளாகத் திரண்டது. வானத்தில் அப்படி இல்லை. நியூட்ரினோ தோற்றது. ஜார்ஜ் எஃப்ஸ்டாத்தியூவும் சேர்ந்துகொள்ள, 1985-இல் அந்த நால்வர் மெதுவாக நகரும் ‘குளிர்’ கரும்பொருளை வைத்து ஓட்டியபோது வானத்தின் சாயல் வந்தது. பயன்படுத்தியது 32,768 துகள்கள். இன்றைய மடிக்கணினிக்கு அது விளையாட்டு.

இருபது ஆண்டு கழித்து, 2005-இல், ஜெர்மனியின் கார்ச்சிங் நகரில் ஓட்டிய ‘மில்லெனியம்’ சிமுலேஷனில் 1,000 கோடி துகள்கள் இருந்தன. ஒரு பக்கம் 200 கோடி ஒளியாண்டுக்கும் மேல் நீளமுள்ள கற்பனைப் பெட்டி. கணினிக்கு ஏறத்தாழ ஒரு மாத வேலை. இழை இழையாகப் பின்னிய வலையும், நடுவே பெரும் வெற்றிடங்களுமாக அது தந்த படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குள் விண்மீன் ஒன்றுகூடக் கிடையாது. கரும்பொருளுக்கு ஈர்ப்பு ஒன்றே விதி என்பதால் அதைக் கணக்கிடுவது சுலபம். விண்மீன்களைப் பிறகு தனியாகச் சூத்திரங்கள் வைத்து அதன்மேல் வரைந்தார்கள். பெரிய திரளுக்குள் சிக்கிய சிறிய திரள் எத்தனை காலத்தில் வேகம் இழந்து மையத்தில் போய் விழும் என்ற கேள்வி அந்தச் சூத்திரங்களில் முக்கியமானது. அதற்கான விடை, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1943-இல் விண்மீன்களின் இயக்கம் பற்றி எழுதிய சமன்பாட்டிலிருந்து வருகிறது.

விண்மீன்கள் ஏன் இவ்வளவு குறைவு?

வாயுவையும் பெட்டிக்குள் சேர்த்தபோதுதான் வம்பு ஆரம்பித்தது. ஈர்ப்பில் சிக்கிய வாயு குளிரும், சுருங்கும், விண்மீனாகும். இயற்பியல் அவ்வளவுதான் என்று விட்டால், கணினிப் பிரபஞ்சத்தில் விண்மீன்கள் வானத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு பெருகிவிடுகின்றன. உண்மைப் பிரபஞ்சமோ பெரிய கஞ்சன். நம் பால்வெளி அளவுள்ள ஒரு திரள், தன் பங்குக்கு வந்த சாதாரணப் பொருளில் அதிகம் போனால் ஐந்தில் ஒரு பங்கைத்தான் விண்மீன்களாக்கியிருக்கிறது. அதைவிடச் சிறிய திரள்களும் பெரிய திரள்களும் இன்னும் மோசம்.

எதுவோ பிரேக் போடுகிறது. சிறிய திரள்களில் அது சூப்பர்நோவா வெடிப்புகள். வெடிக்கும் விண்மீன்கள் வாயுவை வெளியே தள்ளிவிடும். பெரியவற்றில் மையத்திலிருக்கும் ராட்சதக் கருந்துளை. அது விழுங்கும் பொருளில் ஒரு பங்கு ஆற்றலாக வெளியே சீறி, சுற்றியுள்ள வாயுவைக் குளிரவிடாமல் சூடேற்றுகிறது. இதை வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. பெர்சியஸ் திரள்கூட்டத்தின் நடுவே கருந்துளை ஊதிய பிரம்மாண்டமான குமிழ்களைச் சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி தெளிவாகப் படம்பிடித்திருக்கிறது. 1999-இல் விண்ணுக்குப் போன அந்தத் தொலைநோக்கி அதே சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. 2006-இல் இரண்டு குழுக்கள், ஒன்று ஜெர்மனியை மையமாகக் கொண்டது, மற்றொன்று இங்கிலாந்தின் டர்ஹாமில், கருந்துளை பிரேக்கைக் கணக்கில் சேர்த்தன. பெருத்த திரள்கள் ஏன் விண்மீன் பெறுவதை நிறுத்திச் சிவந்து நிற்கின்றன என்பதற்கு அப்போதுதான் கணினியில் விடை வந்தது. துறைக்காரர்கள் இந்த பிரேக்குக்கு ‘ஃபீட்பேக்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடந்த இருபது ஆண்டுச் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான்.

காரணம் எளிது. இன்றைய பெரிய சிமுலேஷன்களில் ஒன்றான டிஎன்ஜி-100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சுமார் 36 கோடி ஒளியாண்டு நீளமுள்ள பெட்டி. அதில் வாயுவின் மிகச் சிறிய கட்டி சுமார் 14 லட்சம் சூரியன்களின் நிறை கொண்டது. அதைவிடக் கூர்மையான டிஎன்ஜி-50-இல்கூட ஒரு கட்டி 85,000 சூரியன்கள். ஒற்றை விண்மீனே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது வெடிப்பதை எப்படிக் கணக்கிடுவது? முடியாது. ஆகவே ‘இவ்வளவு விண்மீன் பிறந்தால் இவ்வளவு காற்று இந்த வேகத்தில் வீசும்’, ‘கருந்துளை இவ்வளவு விழுங்கினால் இவ்வளவு ஆற்றல் வெளிவரும்’ என்று சூத்திரம் எழுதி உள்ளே வைக்கிறார்கள். அந்தச் சூத்திரத்தின் எண்களை எங்கிருந்து எடுப்பது? வானத்தைப் பார்த்துத்தான். எந்த எண்ணைப் போட்டால் திரள்களின் நிறைக்கணக்கு இன்றைய வானத்தோடு பொருந்துகிறதோ அந்த எண்.

கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியான தேர்வு மாதிரிதான் இது. அதில் நூற்றுக்கு நூறு வாங்கினால் யாரும் மாலை போட வேண்டியதில்லை. 2015-இல் வெளிவந்த ‘ஈகிள்’ சிமுலேஷனின் ஆசிரியர்கள் இதை ஒளிக்காமல் எழுதினார்கள். திரளின் விண்மீன் நிறையை அடிப்படை விதிகளிலிருந்து மட்டும் கணிப்பது இன்று இயலாது, எனவே நிறைக்கணக்கையும் திரள்களின் பருமனையும் பார்த்தே எண்களைச் சரிசெய்தோம் என்றார்கள். எனக்கு அந்த வெளிப்படைத்தன்மை பிடித்திருக்கிறது. இப்படி எழுதிவிட்டால், எது பாடம் படித்து எழுதிய பதில், எது சுயமாக எழுதியது என்று வாசகர் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சுயமாக எழுதிய பதிலுக்கு ஒரு நல்ல உதாரணம் நிறம். நியூ மெக்சிகோவில் இருக்கும் ஸ்லோன் தொலைநோக்கி லட்சக்கணக்கான திரள்களை அளந்தபோது, அவை இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றன. விண்மீன் பிறந்துகொண்டிருக்கும் நீலத் திரள்கள் ஒரு பக்கம், ஓய்ந்துபோன சிவப்புத் திரள்கள் மறுபக்கம், நடுவில் ஆள் குறைவு. டிஎன்ஜி-யின் எண்களைச் சரிசெய்தபோது இந்த நிறப் பிரிவினையைப் பார்க்கவில்லை. ஓட்டி முடித்த பின் எடுத்துப் பார்த்தால், அதே இரண்டு கூட்டம், ஏறத்தாழ அதே நிறையில் பிரிந்து நின்றது. இதற்கு மாலை போடலாம்.

இல்லஸ்ட்ரிஸின் வீழ்ச்சி

டிஎன்ஜி என்பது ‘அடுத்த தலைமுறை’யின் சுருக்கம். ஸ்டார் டிரெக் தொடர் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் குறும்பு புரியும். முந்தைய தலைமுறையின் பெயர் வெறும் ‘இல்லஸ்ட்ரிஸ்’. 2014-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. மார்க் வோகல்ஸ்பெர்கர் முதன்மை ஆசிரியர். வோல்கர் ஸ்பிரிங்கெல் எழுதிய ‘அரெப்போ’ என்ற நிரல்தான் இயந்திரம். 8,192 செயலிகள் ஒரே நேரத்தில் உழைத்தன. சாதாரண மேசைக் கணினி ஒன்றில் ஓட்டியிருந்தால் 2,000 ஆண்டு ஆகியிருக்கும் என்றார்கள். அதன் விளம்பரப் படம் இன்னும் நினைவிருக்கிறது. ஹப்பிள் எடுத்த ஆழ்வானப் படம் ஒரு பாதி, கணினி தயாரித்த போலிப் படம் மறு பாதி. எது எது என்று சொல்வது கஷ்டம்.

படத்தில் தெரியாத ஓட்டைகளை எண்கள் காட்டிக்கொடுத்தன. சிறிய திரள்கள் வானத்தில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு அகலமாக இருந்தன. நிறப் பிரிவினை சரியாக விழவில்லை. எல்லாவற்றையும்விட, கருந்துளையின் சீற்றம் அளவு மீறிப்போய், திரள்குழுக்களில் இருந்த வாயுவைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்து வெளியே வீசியிருந்தது. எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிகள் கண்ட வாயு அளவுக்கும் இதற்கும் ஏழாம் பொருத்தம். அதே குழு ஒப்புக்கொண்டது. கருந்துளைச் சூத்திரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, மென்மையான காற்றாக வீசும் புதிய சூத்திரத்தை எழுதி, காந்தப்புலத்தையும் சேர்த்து, ஸ்டட்கார்ட்டின் ‘ஹேசல் ஹென்’ கணினியில் மறுபடி ஓட்டினார்கள். அதுதான் டிஎன்ஜி. பழைய இல்லஸ்ட்ரிஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஒளியை எடைபோடுவது

வானத்தின் பக்கம் வருவோம். ‘இந்தத் திரளின் நிறை 1,000 கோடி சூரியன்கள்’ என்று ஒரு வானியலாளர் எழுதினால், அவர் திரளைத் தராசில் வைக்கவில்லை. கையில் இருப்பது ஒளி மட்டும். ஒளியை நிறையாக மாற்ற, அங்கே எத்தனை பெரிய விண்மீன், எத்தனை சிறிய விண்மீன் என்ற விகிதம் தெரிய வேண்டும். பெரியவை பிரகாசத்தைத் தரும், சிறியவைதான் நிறையைச் சுமக்கும். தொலைவில் சிறியவற்றைப் பார்க்கவே முடியாது. எட்வின் சால்பீட்டர் 1955-இல் தந்த விகிதத்தைப் போட்டால் ஒரு நிறை வரும். ஜில் ஷாப்ரியே 2003-இல் தந்ததைப் போட்டால் அதே ஒளிக்கு நிறை கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்துவிடும். இதன்மேல் தூசு எவ்வளவு ஒளியை விழுங்கியது, விண்மீன்கள் ஒரே மூச்சில் பிறந்தனவா, விட்டு விட்டா என்ற ஊகங்கள் வேறு. டின்ஸ்லி திறந்துவிட்ட பெட்டி இது.

2023 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆறு திரள்களின் கதை இங்கேதான் பொருந்துகிறது. பெருவெடிப்புக்கு 50 முதல் 70 கோடி ஆண்டுகளுக்குள் இருந்தவை. அவற்றில் ஒன்றின் விண்மீன் நிறை பால்வெளிக்குச் சமமாகத் தெரிந்தது. அந்த வயதில் அவ்வளவு விண்மீன் செய்ய வேண்டுமானால், கிடைத்த வாயுவில் ஏறத்தாழ அத்தனையையும் விண்மீனாக்கியிருக்க வேண்டும் என்று வானியற்பியலாளர் மைக்கேல் பாய்லன்-கோல்ச்சின் கணக்குப் போட்டுக் காட்டினார். ஐந்தில் ஒரு பங்குக்கே மூச்சு வாங்கும் பிரபஞ்சத்துக்கு இது நடக்கிற காரியமா?

பிறகு வந்த அளவீடுகளில் கதை இளகியது. வெப் கண்ட சின்னஞ்சிறு சிவப்புப் புள்ளிகள் பலவற்றில், நாம் விண்மீன் ஒளி என்று எண்ணியதில் பெரும்பங்கு கருந்துளையைச் சுற்றிய வாயுவின் ஒளியாக இருக்கலாம் என்று தெரிந்தது. 2024-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு அப்படிப்பட்ட புள்ளிகளை ஒதுக்கிவிட்டு மீண்டும் எண்ணியது. அடிப்படை அண்டவியலுக்கு ஆபத்தில்லை என்றது. கூடவே இன்னொன்றும் சொன்னது: ஒதுக்கிய பிறகும், பருத்த திரள்கள் எதிர்பார்த்ததைப்போல் சுமார் இரண்டு மடங்கு எண்ணிக்கையில் மிஞ்சுகின்றன. செய்தித்தாள்கள் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டன. என் கணக்கில் இரண்டாவது வரிதான் செய்தி.

ஏனென்றால் அந்த மிச்சம் உண்மை. செம்பெயர்ச்சி 14-ஐத் தாண்டிய, பெருவெடிப்புக்கு 30 கோடி ஆண்டுகள்கூட ஆகாத காலத்துத் திரள்கள் நிறமாலையால் உறுதிசெய்யப்பட்டிருக்கின்றன. எதிர்பார்த்ததைவிட ஒளி மிகுந்தவை. வெப்பின் ஜேட்ஸ் ஆய்வு 2024-இல் அறிவித்த அப்படிப்பட்ட ஒரு திரளில் ஆக்சிஜன் இருப்பதை அல்மா வானொலித் தொலைநோக்கி அடுத்த ஆண்டு கண்டது. ஆக்சிஜன் இருக்கிறது என்றால் அதற்கு முன்பே ஒரு தலைமுறை விண்மீன்கள் பிறந்து செத்திருக்கின்றன. சமாளிக்க நான்கைந்து வழிகள் மேசைமேல் கிடக்கின்றன. விண்மீன் பிறப்பு வெடிவெடியாக ஏறி இறங்கினால், ஏறிய கணத்தில் இருப்பவைதான் நம் கண்ணில் படும் என்கிறது ஃபயர் சிமுலேஷன் குழு. அடர்ந்த வாயுவில் சூப்பர்நோவா வெடிக்கும் முன்பே விண்மீன்கள் பிறந்து முடிந்திருக்கும், பிரேக் போட நேரமே இல்லை என்கிறார் வானியற்பியலாளர் அவிஷாய் டெகல். அப்போது தூசே இல்லை, அதனால்தான் பளிச்சென்று தெரிகின்றன என்பவர்களும் உண்டு. வெப் ஒருபக்கம் பார்த்துக்கொண்டே இருப்பதால் இவற்றில் சில சீக்கிரமே கழியும்.

இந்தச் சிமுலேஷன்களுக்கு இந்தியாவிலிருந்தும் ஒரு கேள்வி போயிருக்கிறது. புனேயில் இருக்கும் தேசிய வானொலி வானியற்பியல் மையத்தின் ராஷி ஜெயினும் யோகேஷ் வாடதேகரும் வெப் தரவுகளில் கண்டெடுத்து 2025-இல் அறிவித்த திரளுக்கு ‘அலக்நந்தா’ என்று இமயத்து நதியின் பெயர். பெருவெடிப்புக்குச் சுமார் 150 கோடி ஆண்டுகளே ஆன காலத்தில், இரண்டு சுருள் கைகளோடு, வரைந்து வைத்ததுபோல இருக்கிறது. அந்த வயதில் திரள்கள் அடிதடியும் குழப்பமுமாகத்தான் இருக்கும், சுருள் கைகள் அமைதியான முதுமையில் வருபவை என்பது பல காலம் நிலவிய எண்ணம்.

ஒளியை எடைபோடும்போது வரும் ஊகச் சிக்கலிலிருந்து தப்ப ஒரு வழி இருக்கிறது. வானத்தின் ஒளியை நிறையாக மாற்றிச் சிமுலேஷன் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருவதற்குப் பதில், சிமுலேஷனை வானத்தின் இடத்துக்கு அனுப்புவது. கணினித் திரளின் ஒவ்வொரு விண்மீன் கட்டிக்கும் உரிய ஒளியைக் கணக்கிட்டு, தூசு வழியாகச் செலுத்தி, தொலைநோக்கியின் மங்கலையும் கேமராவின் இரைச்சலையும் சேர்த்து, ஒரு போலிப் புகைப்படம் தயாரிக்கிறார்கள். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஸ்கர்ட்’ நிரல் இந்தத் தூசு வேலைக்குப் பேர்போனது. பிறகு உண்மைப் படத்தை ஆராயும் அதே மென்பொருள் போலிப் படத்தையும் ஆராயும். மென்பொருள் ஏமாந்தால் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி ஏமாறும். இல்லஸ்ட்ரிஸின் போலிப் படங்களை ‘கேலக்ஸி ஜூ’ தளத்தின் தன்னார்வலர்களிடம்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். 2007 முதல் உண்மைத் திரள்களை உருவம் பார்த்துப் பிரித்துவரும் பொதுமக்கள் அவர்கள். வழவழப்பான திரள்கள் கணினி வானத்தில் குறைவு என்று கண்டுபிடித்தார்கள். முனைவர் பட்டம் இல்லாத கண்களுக்கு அந்த வேறுபாடு எளிதாகவே பட்டது.

திரும்பி வந்த இல்லஸ்ட்ரிஸ்

எக்ஸ்-கதிரை விட்டுவிட்டு வாயுவைத் தேட இன்னொரு முறை இருக்கிறது. பெருவெடிப்பின் மிச்ச ஒளி, நுண்ணலைகளாக எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. வழியில் ஒரு திரளைச் சுற்றிய வாயுவின் எலக்ட்ரான்களில் பட்டு அந்த ஒளி சிதறும். வாயு நம்மை நோக்கி வந்தால் அந்த இடத்தில் வெப்பநிலை மிகமிகச் சிறிதளவு கூடும், விலகிப் போனால் குறையும். ஒரு திரளில் இதைப் பார்க்க முடியாது. லட்சக்கணக்கான திரள்களை அடுக்கிச் சராசரி எடுத்தால் தெரியும். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் இருந்த நுண்ணலைத் தொலைநோக்கியின் படத்தையும், திரள்களை வரைபடமாக்கும் டெசி திட்டத்துக்காகத் தொகுத்த பட்டியலையும் சேர்த்து 2024-இல் இதைச் செய்தார்கள்.

வாயு, கரும்பொருள் இருக்கும் இடத்தைவிட மிகப் பரந்து சிதறிக் கிடந்தது. கருந்துளைகள் எல்லோரும் எண்ணியதைவிடப் பலமாக ஊதித் தள்ளியிருக்கின்றன. டிஎன்ஜி-யின் மென்காற்று இதற்குப் போதவில்லை. அளவீட்டுக்கு நெருக்கமாக வந்தது, சீற்றம் அதிகம் என்று ஒதுக்கப்பட்ட பழைய இல்லஸ்ட்ரிஸ்!

அப்படியானால் எக்ஸ்-கதிர் அளவீடுகள்? எக்ஸ்-கதிரில் வாயு மிகுந்த குழுக்கள்தான் பளிச்சென்று தெரியும். வாயுவை இழந்தவை தொலைநோக்கியின் கண்ணில் படாமலே போயிருக்கலாம். அவற்றை விட்டுவிட்டு எடுத்த சராசரியை வைத்துத்தான் ஒரு தலைமுறைச் சிமுலேஷன்களுக்கு மதிப்பெண் போட்டோம் என்றால், பிழை கேள்வித்தாளிலேயே இருந்திருக்கிறது. ஈரோசீட்டா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியின் தரவுகளில், எக்ஸ்-கதிரைப் பார்க்காமல் ஒளிப்படங்களை வைத்துத் தேர்ந்தெடுத்த குழுக்களை அடுக்கிப் பார்த்த ஆய்வுகள் இந்தச் சந்தேகத்துக்கு வலுச் சேர்க்கின்றன. ஆனால் இல்லஸ்ட்ரிஸ் ஜெயித்துவிட்டது என்று யாரும் துள்ளவில்லை. அதன் திரள்கள் இன்னும் அகலமாகத்தான் இருக்கின்றன, நிறங்கள் இன்னும் தவறாகத்தான் இருக்கின்றன. ஒரு கேள்விக்குச் சரியான விடை, நான்கு கேள்விக்குத் தவறான விடை.

இது வெறும் உள்வீட்டுச் சண்டை அல்ல. 2023 ஜூலையில் விண்ணுக்குப் போன ஐரோப்பாவின் யூக்ளிட் தொலைநோக்கியும், 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட சிலியின் வேரா ரூபின் ஆய்வகமும், தொலைதூரத் திரள்களின் உருவம் லேசாக நெளிவதை அளந்து கரும்பொருளின் பரவலை வரையப்போகின்றன. கருந்துளைக் காற்று வாயுவை எவ்வளவு தூரம் சிதறடித்தது என்பதைப் பொறுத்து அந்த நெளிவின் கணக்கு மாறும். காற்றின் பலம் தெரியாமல் யூக்ளிட் தரும் எண்ணைப் படித்தால், ஃபீட்பேக்கைக் கரும்பொருளின் குணம் என்று தவறாக எடுத்துக்கொள்ள நேரும். யூக்ளிட் குழு 4 லட்சம் கோடி கரும்பொருள் துகள்களை ஓட்டி, 340 கோடி திரள்கள் கொண்ட போலி வானத்தைத் தயாரித்து வைத்திருக்கிறது. அதிலும் இந்தக் காற்று இல்லை.

ஆகவே ஒரே ஒரு சிறந்த பிரபஞ்சத்தைச் செதுக்கும் வழக்கம் மாறிவருகிறது. 2023-இல் வந்த ‘ஃபிளமிங்கோ’ குழு 30,000 கோடி துகள்கள் கொண்ட பெரும் பெட்டியோடு, காற்றைக் கூட்டியும் குறைத்தும் வேண்டுமென்றே பல பிரபஞ்சங்களை ஓட்டிவைத்தது. ‘கேமல்ஸ்’ திட்டத்தில் சின்னப் பெட்டிகளாக ஆயிரக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள். பெரும்பாலானவை வானத்தோடு பொருந்தவே பொருந்தாது என்பது தெரிந்தேதான். ஃபிளமிங்கோவின் வழக்கமான எண்களும் புதிய நுண்ணலை அளவீட்டுக்குப் போதவில்லை. பலமாகக் காற்று வீசும் பிரபஞ்சங்கள்தான் நெருங்குகின்றன. இல்லஸ்ட்ரிஸ் குழு தன் தரவுகளை 2015-இல் பொதுவில் வைத்தது, டிஎன்ஜி வந்த பிறகும் அழிக்கவில்லை. 2024-இல் அட்டகாமா அளவீட்டோடு பொருத்திப் பார்க்க அவை இணையத்தில் அப்படியே இருந்தன, இன்றும் இருக்கின்றன. பதிவு செய்துகொண்டால் யாரும் இறக்கிக்கொள்ளலாம்.